கூட்டினால் போதுமா? படைப்பிரிவின் புள்ளியும் முத்தின் செவ்வும்

மேசையின்மீது சிறு உருவங்களை நிறுத்தி, அளவுகோலால் தொலைவை அளந்து, பகடை உருட்டி, இரு தரப்பார் போர் நடத்திப் பார்க்கும் விளையாட்டு ஒன்று உண்டு. மேசைப் போர் விளையாட்டு என்று இதனைச் சொல்லலாம். சதுரங்கத்தில் இரு தரப்பாருக்கும் ஒரே அளவான காய்கள். ஆகையால் யாருடைய படை பெரியது என்னும் வழக்கே எழுவதில்லை. மேசைப் போரிலோ ஒருவர் நான்கு யானைகளுடன் வருவார். மற்றவர் அறுபது வில்லாளருடன் வருவார். இந்த இரண்டும் சமமா என்று முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். அதற்காக ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் ஒரு புள்ளி மதிப்புக் குறிக்கிறார்கள். ஆளுக்கு 500 புள்ளி என்று வைத்துக்கொண்டு, அவரவர் விருப்பப்படி படை திரட்டிக்கொள்ளலாம்.

இந்தப் புள்ளியை எவ்வாறு கணிப்பது? இன்று பலர் கையாளும் முறை, கணிப்பொறியில் விரிதாள் ஒன்றைத் திறந்து, தாக்கு வலிமைக்கு ஒரு பத்தி, தாங்கு வலிமைக்கு ஒரு பத்தி, வேகத்துக்கு ஒரு பத்தி, மனவுறுதிக்கு ஒரு பத்தி என்று எண்களை நிரப்பி, கடைசிப் பத்தியில் எல்லாவற்றையும் கூட்டிவிடுவதாகும். எண் வந்துவிடுகிறது, அதுவும் தசமப் புள்ளியோடு வருகிறது. ஆனால் அந்த எண் எதனை அளக்கிறது? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியை எடுத்துக்கொள்கிறது. முத்தை விலை மதித்த நம் கடற்கரைக்கு இதில் சொல்ல ஒரு செய்தி உண்டு என்பதையும் காண்போம்.

கூட்டலில் உள்ள குறை

இரண்டு படைப்பிரிவுகளை எடுத்துக்கொள்வோம். முதலாவதற்குத் தாக்கு வலிமை 4, தாங்கு வலிமை 40 என்க. அதாவது ஒரு சுற்றில் எதிரிக்கு 4 அளவு சேதம் விளைவிக்கும். தான் 40 அளவு சேதம் வரை தாங்கும். இரண்டாவதற்குத் தாக்கு 7, தாங்கு 10. முதலாவதைக் கவசப் படை என்றும் இரண்டாவதை விரைபடை என்றும் அழைப்போம்.

அப்படியே கூட்டினால் கவசப் படைக்கு 44, விரைபடைக்கு 17. தாங்கு வலிமையைப் பத்துப் பத்தாக எண்ணிக் கூட்டினால் இரண்டுக்கும் 8. இப்போது இரண்டும் சமம்! படை மாறவில்லை, ஆட்ட விதி மாறவில்லை, அளக்கும் அலகை மட்டும் மாற்றினோம், முடிவு தலைகீழாயிற்று. நீளத்தையும் எடையையும் கூட்டினால் என்ன ஆகும் என்று இயற்பியல் மாணவர் அறிவர். 2 மீட்டருடன் 3 கிலோகிராமைக் கூட்ட முடியாது. கூட்டினால் வரும் 5 என்பது எதற்கும் அளவன்று. மீட்டரைச் சென்டிமீட்டராக எழுதினால் அதே கூட்டுத்தொகை 203 ஆகிவிடும். தாக்குதலும் தாங்குதலும் அவ்வாறே இருவேறு பண்புகள்.

இந்தக் குறையை உணர்ந்தவர் சிலர் ஒவ்வொரு பத்திக்கும் ஓர் எடை கொடுக்கிறார்கள். தாக்குதலை இரண்டால் பெருக்கிக் கூட்டினால் கவசப் படைக்கு 12, விரைபடைக்கு 15. தாங்குதலை இரண்டால் பெருக்கினால் 12, 9. எந்த எடை சரி என்பதை விரிதாள் சொல்வதில்லை. எடையைத் தேர்ந்தெடுத்தவரின் விருப்பமே விடையாக வெளிவருகிறது. ஆனால் கணிப்பொறியின் வழியாக வருவதால் அது கணிப்பு என்று தோன்றுகிறது.

பெருக்கல் ஏன்?

சாகுபுரத்தில் உப்புக் கரைசலை மின்னாற் பகுத்துக் காஸ்டிக் சோடா செய்கிறார்கள். இந்த வினையில் 117 கிராம் உப்பும் 36 கிராம் நீரும் சேர்ந்து 80 கிராம் காஸ்டிக் சோடாவையும் 71 கிராம் குளோரினையும் 2 கிராம் ஹைட்ரஜனையும் தருகின்றன. உப்பு இல்லாமல் மின்சாரத்தை மட்டும் எவ்வளவு பாய்ச்சினாலும் காஸ்டிக் சோடா வராது. மின்சாரம் இல்லாமல் உப்பை மலைபோலக் குவித்தாலும் வராது. ஒன்றின் குறையை மற்றதன் மிகுதி ஈடு செய்யாத இடத்தில் கூட்டல் பொருந்தாது.

படையும் இப்படித்தான். எவ்வளவு வலிமையாகத் தாக்கினாலும், முதற் சுற்றிலேயே விழுந்துவிடும் படை ஒரு முறைதான் தாக்கும். எவ்வளவு தாங்கினாலும், தாக்கும் வலிமையே இல்லாத படை எதிரியை ஒன்றும் செய்யாது. ஒரு படைப்பிரிவு தன் வாழ்நாளில் விளைவிக்கும் சேதம் என்பது, ஒரு சுற்றின் சேதத்தை அது நிலைத்திருக்கும் சுற்றுகளால் பெருக்கிய தொகை. ஆகவே தாக்கையும் தாங்கையும் பெருக்க வேண்டும். கவசப் படைக்கு 4 × 40 = 160; விரைபடைக்கு 7 × 10 = 70. இங்கே அலகை மாற்றினாலும் விகிதம் மாறாது. 16க்கு 7 என்றே நிற்கும். நல்ல அளவுக்கு இது முதல் அடையாளம்.

லாஞ்செஸ்டரின் இருபடி விதி

அப்படியானால் கவசப் படை ஒன்று விரைபடை 2.3க்குச் சமம் என்று எழுதிவிடலாமா? இங்கே இன்னொரு படி இருக்கிறது. அதனைத் தெளிவாக்கியவர் பிரெடரிக் வில்லியம் லாஞ்செஸ்டர் என்னும் ஆங்கிலப் பொறியியலார். மோட்டார் வண்டிகளை வடிவமைத்துப் புகழ் பெற்ற இவர், வான்படை பற்றி எழுதி 1916இல் நூலாக வெளிவந்த ஆராய்ச்சியில், போரில் எண்ணிக்கையின் பங்கு என்ன என்பதை ஒரு சமன்பாட்டில் அடக்கினார்.

ஐம்பது வில்லாளர் ஒரு பக்கம், அதே திறமையுடைய முப்பது வில்லாளர் மறுபக்கம் என்று கொள்வோம். ஒவ்வொரு சுற்றிலும் பத்து வில்லாளர் எதிரியில் ஒருவரை வீழ்த்துவர் என்க. முதற் சுற்றில் ஐம்பதில் 3 பேர் விழ 47 எஞ்சுவர். முப்பதில் 5 பேர் விழ 25 எஞ்சுவர். அடுத்த சுற்றில் முதற் பக்கம் 44 அல்லது 45, மறுபக்கம் 20. சிறிய படை சிறுகச் சிறுக அதன் அடிக்கும் ஆற்றல் குறைகிறது. பெரிய படையின் இழப்பும் அதனால் குறைகிறது. சிறிய படை முற்றும் அழியும்போது பெரிய படையில் எத்தனை பேர் எஞ்சுவர்? ஐம்பதிலிருந்து முப்பதைக் கழித்து 20 என்று விடை சொல்லத் தோன்றும். உண்மையில் ஏறத்தாழ 40 பேர் எஞ்சுவர். ஐம்பதின் இருபடி 2500, முப்பதின் இருபடி 900, கழித்தால் 1600, அதன் இருபடி மூலம் 40. எல்லோரும் எல்லோரையும் ஒரே நேரத்தில் தாக்கக்கூடிய போரில், படையின் வலிமை எண்ணிக்கையின் இருபடியைப் பொறுத்தது. இதுவே லாஞ்செஸ்டரின் இருபடி விதி.

இந்த விதிப்படி நம் இரு படைப்பிரிவுகளையும் மறுபடி ஒப்பிடுவோம். இரண்டு கவசப் படைகளின் வலிமை 2 × 2 × 160 = 640. மூன்று விரைபடைகளின் வலிமை 3 × 3 × 70 = 630. ஆக, திறந்த வெளியில் கவசப் படை ஒன்று விரைபடை ஒன்றரைக்குச் சமம். ஆனால் ஒருவர்பின் ஒருவராக மட்டுமே வரக்கூடிய குறுகிய வாயிலில் போர் நடந்தால் என்ன ஆகும்? அங்கே எண்ணிக்கைக்கு இருபடிப் பயன் இல்லை. ஒரு விரைபடையை வீழ்த்தக் கவசப் படைக்கு இரண்டரைச் சுற்று வேண்டும். அதற்குள் அது 17.5 அளவு சேதமுறும். 40 அளவு தாங்குமாகையால் இரண்டு விரைபடைகளை வீழ்த்திவிட்டு மூன்றாவதுடன் போராடிக்கொண்டிருக்கும். அதாவது ஏறத்தாழ 2.3.

கூட்டல் முறை இரண்டும் சமம் என்றது. திறந்த வெளி ஒன்றரை என்கிறது. குறுகிய வாயில் 2.3 என்கிறது. படைப்பிரிவுக்குத் தனியாக ஒரு மதிப்பு என்பதே இல்லை. ஒரு தரையில், ஒரு எதிரிக்கு எதிரே உள்ள மதிப்புத்தான் உண்டு. விரிதாளின் ஒற்றைப் பத்தி மறைத்துவிடும் உண்மை இதுவே.

முத்துச் சலாபத்தில் கண்ட கணக்கு

தனித்தனியாக உள்ள பொருள்களைக் கூட்டினால் முழு மதிப்பு வராது என்பதை மன்னார் வளைகுடாவின் முத்து வணிகர் நெடுங்காலத்துக்கு முன்பே அறிந்திருந்தனர். சாகுபுரத்துக்கு அருகிலுள்ள காயல்பட்டினமும் கொற்கையும் முத்தால் பேர் பெற்ற ஊர்கள். தூத்துக்குடியில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1955 முதல் 1961 வரை நடந்து, அதன்பின் நின்றுபோனது. ஆயினும் அந்த வணிகத்தின் கணக்கு முறை இன்றும் படிக்கத் தக்கது.

சலாபத்தில் எடுத்த முத்துகளைப் பித்தளைச் சல்லடைகளில் சலித்து முதலில் பருமன் வாரியாகப் பிரிப்பர். 20 துளையுள்ள பெருந்துளைச் சல்லடை முதல் 1000 துளையுள்ள நுண்துளைச் சல்லடை வரை பத்துச் சல்லடைகள். பின்னர் உருட்சி, ஒளி, நிறம் ஆகியவற்றைக் கண்ணால் பார்த்து வகை பிரிப்பர். குறையில்லாத முத்து ஆணி எனப்படும். மற்றவை அடுத்தடுத்த வகைகளில் சேரும். இந்தப் பகுப்பு மிகப் பழமையானது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வெட்டப்பட்ட தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள், அணிகலன்களில் கோத்த முத்துகளை வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து என்றெல்லாம் வகைபடுத்தி, எண்ணிக்கையையும் நிறையையும் விலையையும் குறிக்கின்றன.

சிறிய, தாழ்ந்த வகை முத்துகளைக் கழஞ்சுக் கணக்கில் நிறுத்து விற்பர். அங்கே நிறையும் விலையும் நேர் விகிதம். உயர்ந்த வகைக்கோ அந்தக் கணக்குச் செல்லாது. அதற்குச் செவ்வு என்னும் அளவு இருந்தது. முத்துகளின் மொத்த நிறையை மஞ்சாடியில் எடுத்து, அதனை அதனாலேயே பெருக்கி, முத்துகளின் எண்ணிக்கையால் வகுத்து, ஒரு மாறா எண்ணால் பெருக்கினால் செவ்வு கிடைக்கும். செவ்வு ஒன்றுக்கு இவ்வளவு என்று விலை பேசுவர். ஒப்பிடும்போது அந்த மாறா எண் இருபுறமும் அடிபட்டுவிடுமாகையால், இங்கே அதனை விட்டுவிடலாம்.

4 மஞ்சாடி நிறையுள்ள ஒரே முத்து: 16ஐ 1ஆல் வகுத்தால் 16. மஞ்சாடி ஒன்றாக நான்கு முத்துகள்: மொத்த நிறை அதே 4, 16ஐ 4ஆல் வகுத்தால் 4. நிறை ஒன்றே, மதிப்பு நான்கு மடங்கு வேறுபடுகிறது. நான்கு சிறு முத்துகளை ஒட்டிப் பெருமுத்து ஒன்று செய்ய முடியாது, பெருமுத்து அரிது. இந்த அருமையை வணிகர் இருபடியில் பிடித்தனர்.

போரில் பலர் சேர்வதால் இருபடி வருகிறது. முத்தில் ஒன்றே பெரிதாக வளர்வதால் இருபடி வருகிறது. காரணங்கள் வேறு வேறு. ஆனால் இருவரும் கற்பிக்கும் பாடம் ஒன்று: மதிப்பு எந்த வடிவில் வளர்கிறது என்று பார்த்த பின்னரே வாய்பாட்டை எழுத வேண்டும். இன்னொன்றும் இங்கே கவனிக்கத் தக்கது. செவ்வுக் கணக்கைப் போடுமுன் முத்தை வகைப்படுத்தியது கண். ஆணியையும் கழிவையும் ஒரே வாய்பாட்டில் போட்டுக் கணக்கிட எந்த வணிகரும் முயலவில்லை. காதணிக்கு ஒத்த இணை முத்துகளின் விலை, தனித்தனி விலைகளின் கூட்டுத்தொகையைவிட மிகுதி என்பதையும் அவர்கள் அறிவர். படைகளிலும் வேலாளருக்குப் பின்னே நிற்கும் வில்லாளரின் மதிப்பு, தனியே நிற்கும் வில்லாளரின் மதிப்பன்று.

பழைய நூல்கள் தரும் எண்கள்

படையுறுப்புகளுக்கு எண் மதிப்புக் கொடுப்பது மேலை நாட்டார் கண்டது என்று எண்ண வேண்டியதில்லை. 1909இல் ஆர். சாமசாஸ்திரி மைசூரில் பதிப்பித்த கௌடிலியரின் அர்த்தசாஸ்திரத்தில், பத்தாம் அதிகரணத்தில் ஒரு கணக்கு வருகிறது. ஒரு குதிரைக்கு எதிரே மூன்று காலாள். ஒரு தேருக்கோ யானைக்கோ எதிரே பதினைந்து காலாள் அல்லது ஐந்து குதிரை. காலாளுக்கு 1 புள்ளி என்றால் குதிரைக்கு 3, யானைக்கு 15. ஐந்து குதிரைக்கும் 15 வருவதால் கணக்கு முரணின்றி நிற்கிறது.

ஒரு யானை, ஒரு தேர், மூன்று குதிரை, ஐந்து காலாள் சேர்ந்தது பத்தி என்னும் சிறு படைப்பிரிவு என்பது பாரத மரபு. கௌடிலியரின் புள்ளியில் அது 15 + 15 + 9 + 5 = 44. ஓர் அக்குரோணியில் 21,870 யானைகளும் அதற்கேற்ற மற்றவையும் இருப்பதால் மொத்தம் 9,62,280 புள்ளி. விரிதாளில் இதனை நொடியில் போடலாம். ஆனால் அதற்குமுன் இருபடி விதியை நினைவுகொள்ள வேண்டும். பதினைந்து பேர் சேர்ந்துதான் ஒரு யானைக்குச் சமம் என்றால், யானையின் தாக்கையும் தாங்கையும் பெருக்கிய தொகை காலாளின் தொகையைப்போல் 15 மடங்கன்று, 225 மடங்கு. தாக்கு 15 மடங்கு, தாங்கு 15 மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஆட்டத்தை அமைப்பவர் யானைக்கு எல்லாவற்றிலும் சேர்த்து 15 மடங்கு மட்டும் கொடுத்துவிட்டு 15 புள்ளி விலை வைத்தால், யானையை வாங்குபவர் தோற்பார், வாங்குவதையும் விட்டுவிடுவார்.

கௌடிலியர் அத்துடன் நிற்கவில்லை. எந்தப் படைக்கு எந்தத் தரை ஏற்றது என்றும், எந்தப் படைக்கு எந்தப் பணி என்றும் அதே அதிகரணத்தில் விரித்துச் சொல்கிறார். எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு தரையை விட்டுவிடுவது அவருக்கு நியாயம் செய்வதாகாது.

ஏறத்தாழ 1030இல் இந்தியாவைப் பற்றி எழுதிய அல் பிரூனி, நால்வர் பகடை உருட்டி ஆடும் சதுரங்கம் ஒன்றை விவரிக்கிறார். அதில் அரசனுக்கு 5, யானைக்கு 4, குதிரைக்கு 3, ரூக்குக்கு 2, காலாளுக்கு 1 என்று புள்ளி. மூன்று அரசர்களையும் பிடித்தவர், தம் அரசன் இழந்திருந்தால் 15 பெறுவார்; தம் அரசனும் இருந்தால் 54 பெறுவார். இந்த 54 கணித விதியால் வந்ததன்று, எல்லோரும் ஒத்துக்கொண்டதால் நிற்பது என்று பிரூனி குறிப்பிடுகிறார்.

இந்த வேறுபாடு முக்கியமானது. பிரூனி சொல்லும் எண் காயின் வலிமையன்று. பிடித்தவருக்குக் கிடைக்கும் பரிசு. கௌடிலியர் சொல்வது எதிர்நிற்கும் வலிமை. முத்து வணிகரின் செவ்வு அருமைக்கு ஏற்ற விலை. வலிமை, பரிசு, விலை என்னும் மூன்றையும் ‘புள்ளி’ என்ற ஒரே தலைப்பில் போட்டுக் குழப்பிக்கொள்வது இன்றைய பட்டியல்கள் பலவற்றின் குறை.

பாஞ்சாலங்குறிச்சி மதில்

தரையின் பங்கை உணர, தூத்துக்குடி மாவட்டத்திலேயே நடந்த ஒரு போரைக் கருதுவோம். 1799இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டபின், பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை இடிக்கப்பட்டது. 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து, தம் மக்களுடன் அந்த மண் கோட்டையை விரைந்து எழுப்பினார். கம்பெனிப் படை அதனைத் தாக்கித் தோற்றுப் பின்வாங்கியது. பெரும்படையும் பீரங்கிகளும் வந்து சேர்ந்தபின், மே 24ஆம் நாள்தான் கர்னல் அக்னியூவின் படை கோட்டையைப் பிடித்தது. உடனிருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் அதிகாரி தம் நினைவுக் குறிப்புகளில் இதனை விரிவாக எழுதியிருக்கிறார். காவலர் கையில் இருந்த பதினெட்டு அடி அளவுக்கு நீண்ட ஈட்டிகளையும் அவர் குறிப்பிடுகிறார்.

இந்தப் போரை மேசையில் நடத்த விரும்பும் மாணவர், ஈட்டி வீரருக்கு எத்தனை புள்ளி கொடுப்பார்? துப்பாக்கியின் எட்டு தொலைவு 60 சென்டிமீட்டர், ஈட்டி வீரர் ஒரு சுற்றில் நகர்வது 15 சென்டிமீட்டர் என்று மேசை அளவில் வைத்தால், திறந்த வெளியில் ஈட்டி வீரர் நெருங்குமுன் துப்பாக்கிக்காரர் நான்கு முறை சுடுவர். ஈட்டியின் மதிப்பு மிகத் தாழ்வு. ஆனால் மதிலின் உடைப்பில் ஒருவர்பின் ஒருவராக ஏறிவரும் சிப்பாய்க்கு எதிரே, துப்பாக்கியை மறுபடி நிரப்ப நேரமில்லாத நெருக்கத்தில், நீண்ட ஈட்டியே வலிய ஆயுதம். அதே வீரர், அதே ஆயுதம். தரை மாறியதும் மதிப்பு மாறிவிட்டது. கூட்டல் பட்டியலோ ஈட்டி வீரருக்கு எங்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும். அந்தப் பட்டியலை நம்பி 500க்கு 500 என்று படை அமைத்தால், வெளியில் கம்பெனி எளிதாக வெல்லும். மதிலில் பாளையக்காரர் எளிதாக வெல்வர். இரண்டிலும் ஆட்டம் கெடும்.

சிலர் புள்ளியையே விட்டுவிட்டார்கள். 1990இல் இங்கிலாந்தில் வெளியான பழங்காலப் போர் விளையாட்டு ஒன்றில், எந்த நாட்டுப் படையானாலும் தரப்புக்குப் பன்னிரண்டு காய்கள்தாம். புள்ளிப் பட்டியல் இல்லை. இதுவும் ஒரு விடைதான். ஆனால் அது கேள்வியைத் தீர்ப்பதில்லை. எந்தப் பன்னிரண்டு என்று பட்டியலிடுபவரின் தோளுக்கு மாற்றிவிடுகிறது.

விரிதாள் எதற்கு உதவும்?

இவ்வளவும் சொன்னதால் விரிதாளையே ஒதுக்க வேண்டும் என்பதன்று கருத்து. 1979இல் டான் பிரிக்ளினும் பாப் பிராங்ஸ்டனும் விசிகால்க் என்னும் முதல் விரிதாளை வெளியிட்டபோது, ஒரு கட்டத்தில் எண்ணை மாற்றினால் அதனைச் சார்ந்த கட்டங்கள் எல்லாம் தாமே மாறும் வசதிதான் மக்களைக் கவர்ந்தது. விரிதாளின் உண்மையான பயன் இதுவே: ‘இப்படி இருந்தால் என்ன ஆகும்?’ என்று கேட்டுப் பார்ப்பது. முடிவான மதிப்பை அறிவிப்பதற்கு அதனைப் பயன்படுத்துவதைவிட, நம் ஊகங்களைச் சோதிப்பதற்குப் பயன்படுத்துவதே தக்கது.

முதலாவதாக, தாக்கு, தாங்கு ஆகிய இரண்டையும் பெருக்கி, இருபடி மூலம் எடுத்து, ஒரு பத்தியில் வைக்கலாம். திறந்த வெளிக்கு இது நல்ல தொடக்க எண். மூலம் எடுக்காத பெருக்கலை அடுத்த பத்தியில் வைத்துக் குறுகிய வாயிலுக்குப் பயன்படுத்தலாம்.

இரண்டாவதாக, பிரிவுகளை வரிசையிலும் நிரலிலும் எழுதி, ஒவ்வொன்றும் மற்ற ஒவ்வொன்றுக்கும் எதிரே எப்படி நிற்கும் என்று கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். வேலாள் குதிரையை வெல்லும், குதிரை வில்லாளை வெல்லும், வில்லாள் வேலாளை வெல்லும் என்று சுற்றி வருமானால், மூன்றுக்கும் ஏற்றத்தாழ்வான எண் எதுவும் சரியாக இராது என்பது உடனே புலப்படும்.

மூன்றாவதாக, ஆடிப் பார்க்க வேண்டும். இங்கே பொறுமை வேண்டும். சமமான இரு படைகள் பத்து முறை மோதினால், குறிப்பிட்ட ஒரு தரப்பு ஆறு முறையோ அதற்கு மேலோ வெல்லும் வாய்ப்பு 1024இல் 386. அதாவது நூற்றுக்கு 38. ஆகவே ‘பத்தில் ஆறு வென்றது, புள்ளியைக் கூட்டு’ என்பது அவசரம். ஒன்பது முறையோ அதற்கு மேலோ வெல்லும் வாய்ப்பு 1024இல் 11 மட்டும். அப்போது எண்ணைத் திருத்தலாம்.

சதுரங்கத்தில் இந்த வழியின் பயனைக் காணலாம். காலாள் 1, குதிரை 3, பிஷப் 3, ரூக் 5, ராணி 9 என்று நம் சிறுவர் மனப்பாடம் செய்யும் எண்கள் நீண்ட அனுபவத்தால் நிலைத்தவை. ஆல்பா ஸீரோ என்னும் கணிப்பொறி நிரல் தன்னோடு தானே ஆடிய ஆட்டங்களின் முடிவுகளிலிருந்து, 2020இல் வெளியான ஓர் ஆய்வில் மதிப்புகள் கணிக்கப்பட்டன. அந்த ஆய்வில் முன்னாள் உலக வாகையர் கிராம்னிக்கும் பங்கு கொண்டார். குதிரை 3.05, பிஷப் 3.33, ரூக் 5.63, ராணி 9.5 என்று வந்தது. காய் எத்தனை கட்டம் நகரும், எத்தனை திசையில் நகரும் என்று கூட்டி இந்த எண்களைப் பெறவில்லை. முடிவுகளைப் பார்த்து, அவற்றுக்குப் பொருந்தும் எண்ணைத் தேடினார்கள். அப்படிப் பெற்ற எண்ணும் சராசரிதான். நல்ல ஆட்டக்காரர் தக்க நேரத்தில் ராணியைப் பலி கொடுத்து வெல்வதை எந்தப் பட்டியலும் தடுப்பதில்லை.

விளையாட்டுக்கு அப்பால்

மேசைப் போரில் புள்ளி தவறினால் ஓர் ஆட்டம் கெடும், அவ்வளவுதான். ஆனால் பல பண்புகளை எடை போட்டுக் கூட்டி ஒரே எண்ணாக்கும் பழக்கம் விளையாட்டோடு நிற்பதில்லை. தமிழ்நாட்டில் பொறியியற் சேர்க்கைக்குக் கணித மதிப்பெண்ணை 100க்கும், இயற்பியலை 50க்கும், வேதியியலை 50க்கும் கணக்கிட்டுக் கூட்டி, 200க்கு ‘கட் ஆப்’ எடுக்கிறார்கள். கணிதத்தில் ஒரு மதிப்பெண் குறைந்தால் இயற்பியலில் இரண்டு மதிப்பெண் அதனை ஈடு செய்யும் என்பது இந்தக் கூட்டலுக்குள் இருக்கும் கொள்கை. ஆயிரக்கணக்கானோரை விரைவாகவும் பாரபட்சமின்றியும் வரிசைப்படுத்த வெளிப்படையான ஒரு கூட்டல் தேவைதான். விதி எல்லோருக்கும் முன்பே தெரிந்திருப்பது அதன் பெரிய நன்மை. ஆனால் 187.5 பெற்றவர் 187 பெற்றவரைவிடத் திறமையானவர் என்று யாரேனும் சொன்னால், அது கூட்டல் சொல்லாத செய்தி. வரிசைப்படுத்த ஒத்துக்கொண்ட எண் வேறு. உள்ளதை அளந்த எண் வேறு. பிரூனி 54ஐப் பற்றிச் சொன்னது இதற்கும் பொருந்தும்.

மேசைப் போர் விளையாட்டில் ஈடுபடும் மாணவர்க்கு இந்த வேறுபாட்டைப் பழக நல்ல வாய்ப்பு இருக்கிறது. இங்கே தவறினால் யாருக்கும் தீங்கில்லை. எண்ணைத் திருத்தி மறுபடி ஆடலாம். ஆகவே புள்ளிப் பட்டியல் வெளியிடுவோர் அதன் அடியில் மூன்று செய்திகளை எழுதிவைப்பது நன்று: இந்த எண் எந்தத் தரைக்கு உரியது, எந்தப் படைகளுக்கு எதிரே கணித்தது, எத்தனை ஆட்டங்களில் சோதித்தது. அந்த மூன்றும் இல்லாத பட்டியலில் தசமப் புள்ளிக்குப்பின் எத்தனை இலக்கம் இருந்தாலும் நம்பத் தேவையில்லை.